2019-ல் டிவி கட்டணமும் சேனலும் ஏன் இப்படி மாறின? பெங்களூரில் தமிழ் சேனல் பார்ப்பவர்கள் 2020 தொடக்கத்தில் என்ன செய்யலாம்?

அல்சூர் ராகவன்
4 ஜனவரி 2020, காலை 9.40

எல்லோருக்கும் வணக்கம். அல்சூரில் இரண்டு டிவி உள்ள வீடு, கேபிள் இணைப்பு. 2019 பிப்ரவரிக்கு முன்னால் ஒரு டிவிக்கு மாதம் 250 ரூபாய் கொடுத்தால் தமிழ், கன்னடம், இந்தி எல்லாம் வந்துவிடும். இப்போது வரும் பில்லை அப்படியே தருகிறேன்.

முதல் டிவி: இணைப்புக் கட்டணம் 150, கன்னட பேக் (பல சேனல்கள் சேர்ந்த தொகுப்பு) 110, சன் டிவி 19, கேடிவி 19, ஸ்டார் விஜய் 17, ஜீ தமிழ் 10. ஜிஎஸ்டி சேர்த்து 383 ரூபாய் 50 காசு.
இரண்டாவது டிவி: இணைப்புக் கட்டணம் 130, அதே நான்கு தமிழ் சேனல்கள். ஜிஎஸ்டியோடு 230 ரூபாய் 10 காசு.

மொத்தம் 613 ரூபாய் 60 காசு. வீட்டில் பார்ப்பது மேலே சொன்ன தமிழ் சேனல்கள், ஜீ கன்னடா, கன்னடச் செய்தி, தமிழ்ச் செய்தி. அவ்வளவுதான். இரண்டாவது டிவியில் பெரியவர்கள் சன் டிவியும் செய்தியும் மட்டும் பார்க்கிறார்கள்.

கேள்விகள் மூன்று. ஒன்று, போன வருடம் இந்தத் துறையில் என்னதான் நடந்தது, விலை ஏன் இப்படி ஆனது? இரண்டு, ஜனவரி 1-ம் தேதி டிராய் (தொலைபேசி, டிவி சேவைகளை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) புதிதாக ஏதோ ஆணை போட்டிருக்கிறதாமே, அதனால் எனக்கு என்ன மாறும்? மூன்று, இந்த பில்லை எப்படிக் குறைப்பது?


ஜெயந்தி (ராமமூர்த்தி நகர்)
4 ஜனவரி 2020, பகல் 12.15

ராகவன் சார், முதல் இரண்டு கேள்விக்கு நான் சொல்கிறேன். கதை 2019-ல் தொடங்கவில்லை. பார்க்கும் சேனலைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் காசு கட்டலாம் என்ற இந்தக் கட்டண ஆணையை டிராய் 2017 மார்ச் 3-ம் தேதியே வெளியிட்டுவிட்டது. ஸ்டார் இந்தியாவும் விஜய் டிவியும் அதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018 மார்ச்சில் இரு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பு சொன்னதால் வழக்கு மூன்றாவது நீதிபதியிடம் போனது. மே மாதம் அவர் ஆணை செல்லும் என்றார். அக்டோபர் 30-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதற்குப் பிறகுதான் 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறை.

இந்த வழக்கில் எல்லோரும் கவனிக்கத் தவறிய ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் பில்லின் வேரும் அதில்தான் இருக்கிறது. டிராயின் ஆணையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது: சேனல்களைத் தனித்தனியாக வாங்கினால் ஆகும் மொத்த விலையைவிட பேக் விலை 15 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றம் மற்றதையெல்லாம் ஏற்றுக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் நீக்கிவிட்டது. பேக்கில் சேர்க்க வேண்டுமானால் ஒரு சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற விதி மட்டும் மிஞ்சியது. ஒளிபரப்பு நிறுவனங்கள் என்ன செய்தன? முக்கியமான சேனலுக்கெல்லாம் 19-ஐயோ அதை ஒட்டியோ விலை வைத்தன. பேக்குக்கு இஷ்டம்போல் தள்ளுபடி கொடுத்தன. சன் டிவி 19, கேடிவி 19, இரண்டும் தனியாக 38. அதே நிறுவனத்தின் தமிழ் பேசிக் பேக், மற்ற சேனல்களும் சேர்த்து, 40. இரண்டு ரூபாய் வித்தியாசத்தில் பேக் கிடைக்கும்போது யார் தனியாக எடுப்பார்கள்? பார்க்கும் சேனலுக்கு மட்டும் காசு கொடுக்கலாம் என்று சொல்லிக் கொண்டுவந்த ஆணை இந்த இடத்தில்தான் தோற்றது.

உங்கள் கன்னட பேக் எப்படி வந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. பிப்ரவரி 1-க்குள் பலர் சேனல் தேர்வு செய்யவில்லை. டிராய் மார்ச் 31 வரை நேரம் கொடுத்து, அதுவரை தேர்வு செய்யாதவர்களை அவர்கள் பகுதியில் பேசும் மொழி, பார்க்கும் பழக்கம் இவற்றை வைத்து ஒரு 'பெஸ்ட் ஃபிட்' திட்டத்தில் போடச் சொன்னது. பெங்களூர் என்றால் ஆபரேட்டரின் கணக்கில் கன்னடம். தமிழ் வேண்டும் என்றவர்களுக்கு அதன் தலையில் தனிச் சேனல்களை ஏற்றினார்கள். அந்தத் திட்டம் தற்காலிகம்தான், ஆனால் வந்து மாற்றச் சொல்லாதவர்களுக்கு அதுவே நிலைத்துவிட்டது. பலர் வீட்டில் இன்றும் அந்த பேக் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டணம் ஏறுமா இறங்குமா என்பதில் அப்போதே சண்டை. மாதம் 230-240 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவர் முன்னணி 10 சேனல்களை எடுத்தால் 300 ரூபாய் அளவுக்குப் போகும், ஐந்து சேனலோடு நிறுத்திக்கொள்பவருக்கு இறங்கும் என்று தரமதிப்பீட்டு நிறுவனமான கிரிசில் 2019 பிப்ரவரியில் சொன்னது. டிராய் அதை மறுத்தது. உங்கள் பில்லைப் பார்த்தால் யார் சொன்னது நடந்தது என்று தெரியும்.

இப்போது ஜனவரி 1 ஆணை. உங்களைத் தொடுவது இவைதான்:

130 ரூபாய்க்கு (ஜிஎஸ்டியோடு 153.40) இதுவரை 100 எஸ்டி (சாதாரணத் தரப் படம்) சேனல். இனி 200. தூர்தர்ஷனின் கட்டாயச் சேனல்கள் இதுவரை அந்த 100-க்குள் இடம் பிடித்தன, இனி அவை கணக்கில் வராது. 200-க்கு மேலும் வேண்டும் என்றால் தளத்தில் உள்ள எல்லாச் சேனலுக்கும் சேர்த்து இணைப்புக் கட்டணம் 160-ஐத் தாண்டக் கூடாது. கட்டணச் சேனல்களின் விலை இதில் அடங்காது, அது தனி.

ஒரே வீட்டில் ஒரே பெயரில் உள்ள இரண்டாவது டிவிக்கு, முதல் டிவியின் இணைப்புக் கட்டணத்தில் 40 சதவீதம்தான் அதிகபட்சம். அதாவது 52 ரூபாய். ஒவ்வொரு டிவிக்கும் வேறு வேறு சேனல் தேர்வு கேட்கலாம்.

பேக்கில் சேர்க்க ஒரு சேனலின் உச்ச விலை 19-லிருந்து 12 ஆகிறது. கூடவே இரட்டை நிபந்தனை. பேக்கில் உள்ள சேனல்களின் தனி விலைக் கூட்டுத்தொகை, பேக் விலையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. எந்த ஒரு சேனலின் தனி விலையும் அந்த பேக்கின் சராசரிச் சேனல் விலையைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. உதாரணமாக 10 சேனல் கொண்ட பேக் 40 ரூபாய் என்றால் சராசரி 4, எந்தச் சேனலும் 12-க்கு மேல் இருக்கக் கூடாது, எல்லாம் சேர்ந்து 60-க்கு மேல் போகக் கூடாது. போன வருடம் திறந்து கிடந்த வாசலை டிராய் இப்போது இப்படி அடைக்கப் பார்க்கிறது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

தேதிகள்: ஒளிபரப்பு நிறுவனங்கள் ஜனவரி 15-க்குள் புது விலை சொல்ல வேண்டும், கேபிள் நிறுவனங்களும் டிடிஎச் (வீட்டு டிஷ் வழியாக வரும் கட்டண இணைப்பு) நிறுவனங்களும் ஜனவரி 30-க்குள். நடைமுறை மார்ச் 1.


மணி (ஹெட்எண்ட்)
4 ஜனவரி 2020, மாலை 6.05

ஜெயந்தி மேடம் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் பில்லுக்கு வருகிறேன். மார்ச் வரை காத்திருக்கத் தேவையில்லாத மிச்சம் இதில் நிறைய இருக்கிறது.

முதலில் அந்த 150. அது 130-ம் 20-ம். 100 சேனலைத் தாண்டினால் அடுத்த 25 சேனலுக்கு 20 ரூபாய் வரை வாங்கலாம். ஒரே ஒரு சேனல் அதிகமாகி 101 ஆனாலும் பல இடங்களில் முழு 20-ம் விழும். கன்னட பேக்கோடு வந்த சேனல்கள், ஆபரேட்டர் தானாகப் போட்ட இலவசச் சேனல்கள், தூர்தர்ஷன், எல்லாம் சேர்ந்து 100-ஐத் தாண்டியிருக்கிறது. எச்டி (உயர்தரப் படம்) சேனல் இருந்தால் ஒன்றுக்கு இரண்டாக எண்ண வேண்டும்.

பாக்ஸ் மெனுவில் சந்தா விவரம் என்று ஒரு பக்கம் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று விஷயம் தேடுங்கள். ஒரே சேனல் எஸ்டியிலும் எச்டியிலும் ஓடுகிறதா? சன் டிவி எச்டியும் 19 ரூபாய்தான், இரண்டும் இருந்தால் 38 போகிறது, இடமும் மூன்று போகிறது. பேக்கில் உள்ள ஒரு சேனல் தனியாகவும் சேர்க்கப்பட்டிருக்கிறதா? அவசரத்தில் சேர்த்த பிப்ரவரி, மார்ச் பதிவுகளில் இது சகஜம், தனியாகச் சேர்த்த பிறகு பேக்கையும் ஏற்றியிருப்பார்கள். யாருமே பார்க்காத இலவசச் சேனல்கள் எத்தனை? காசு இல்லை என்றாலும் அவை எண்ணிக்கையை ஏற்றும்.

இப்போது உங்கள் தேவைக்குக் கணக்கு. கன்னட பேக்கை எடுத்துவிடுங்கள். சன் தமிழ் பேசிக் 40, ஸ்டார் விஜய் 17, ஜீ தமிழ் 10, ஜீ கன்னடா 19. மொத்தம் 86. கன்னடச் செய்திக்கு டிவி9 கன்னடா, பப்ளிக் டிவி இரண்டும் இலவசம். தமிழில் புதிய தலைமுறை, பாலிமர், தந்தி எல்லாம் இலவசம். கலைஞர் டிவியும் அப்படியே. 100-க்குள் நிறுத்தினால் இணைப்புக் கட்டணம் 130. 216-க்கு 18 சதவீதம் வரி சேர்த்து 254 ரூபாய் 88 காசு. இப்போது கட்டும் 383.50-லிருந்து 128 ரூபாய் 62 காசு குறைகிறது.

இரண்டாவது டிவிக்கு சன் டிவி மட்டும் 19, செய்தி இலவசம். 149-க்கு வரியோடு 175.82. மார்ச்சில் 40 சதவீத விதி வந்தால் 52-ம் 19-ம் 71, வரியோடு 83.78. அப்போது இரண்டு டிவிக்கும் சேர்த்து 338 ரூபாய் 66 காசு.

ஒன்று கவனியுங்கள்: 40 சதவீத விதி ஒரே வீட்டில் ஒரே பெயரில் உள்ள இணைப்புகளுக்குத்தான். டிஜிட்டல் பாக்ஸ் வந்த காலத்தில் இரண்டாவது பாக்ஸை அப்பா பெயரிலோ மனைவி பெயரிலோ பதிந்த வீடுகள் ஏராளம். விண்ணப்பப் படிவத்தில் உள்ள பெயரும் முகவரியும் இரண்டு பாக்ஸுக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே ஆபரேட்டரிடம் பார்த்து, இல்லையென்றால் பிப்ரவரிக்குள் பெயர் மாற்றிவிடுங்கள்.

கேட்கும் முறை: வாயால் சொல்லாதீர்கள். எடுக்க வேண்டியவை, சேர்க்க வேண்டியவை என்று இரண்டு பட்டியலாக, பாக்ஸ் எண்ணோடு எழுதிக் கொடுங்கள், அல்லது நிறுவனத்தின் ஆப்பில் நீங்களே போடுங்கள். கேட்ட சேனலை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. பேக்கில் இருந்து ஒரு சேனலை மட்டும் பிடுங்க முடியாது, பேக் முழுதும் எடுத்துவிட்டு வேண்டியதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வரிசை முக்கியம். புதியதைச் சேர்த்து, படம் வந்த பிறகு பழைய பேக்கை எடுக்கச் சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டு நாள் வெறும் திரைதான்.


அல்சூர் ராகவன்
5 ஜனவரி 2020, காலை 8.20

மணி அண்ணா, ஜெயந்தி மேடம், இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டாவது டிவியில் நேற்றே மாற்றச் சொன்னேன். ஆபரேட்டர் 'போட்டாச்சு' என்கிறார், சன் டிவியில் 'சந்தா இல்லை' என்றே வருகிறது. இன்னொன்று: பாக்ஸைப் போட்டதும் கேட்காத ஒரு செய்திச் சேனல் முதலில் வந்து நிற்கிறது, அதை எடுக்க முடியுமா? இதையெல்லாம் விட்டுவிட்டு தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் போட்டால் என்ன என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.


மணி (ஹெட்எண்ட்)
5 ஜனவரி 2020, காலை 10.30

'போட்டாச்சு' என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அவர் கணினியில் போட்டது பாக்ஸுக்கு வந்து சேரவில்லை.

பாக்ஸில் உள்ள கார்டுக்கு இரண்டு வகைச் செய்தி வருகிறது. ஈசிஎம் என்பது சேனலோடு சேர்ந்து வருவது, சில நொடிக்கு ஒருமுறை மாறும் சாவி அதில் பூட்டி இருக்கும். அந்தச் சாவியை எடுக்கும் உரிமை உங்கள் கார்டுக்கு உண்டா என்பதைச் சொல்வது இஎம்எம். இது கார்டு எண் போட்டு வரும் செய்தி. ஆபரேட்டர் பட்டனை அழுத்தியதும் ஹெட்எண்டிலிருந்து (கேபிள் நிறுவனம் சேனல்களை அனுப்பும் நிலையம்) இஎம்எம் கிளம்பும். முதலில் அடிக்கடி திரும்பத் திரும்ப அனுப்புவார்கள், நேரம் போகப் போக இடைவெளி கூடும், ஏனென்றால் லட்சக்கணக்கான கார்டுக்கு அதே பாதையில்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் பாக்ஸ் பிளக்கில் அணைந்திருந்தால் செய்தி காற்றோடு போய்விடும். பெரியவர்கள் பார்க்கும் டிவியில் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பது வழக்கம், அதனால் இந்தப் பிரச்சினை இரண்டாவது டிவியில்தான் அதிகம் வரும்.

செய்ய வேண்டியது: ஆபரேட்டரை அழைப்பதற்கு முன்பே பாக்ஸை ஆன் செய்து, ஏற்கெனவே படம் வரும் ஒரு சேனலில் நிறுத்துங்கள். பிறகு அழைத்து 'ரீஃப்ரெஷ் அனுப்புங்கள்', அதாவது அந்தச் செய்தியை மறுபடி அனுப்புங்கள், என்று சொல்லுங்கள். அரை மணி நேரம் சேனலை மாற்றாமல், அணைக்காமல் விடுங்கள். அப்புறம் சன் டிவிக்குப் போங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பாக்ஸை அணைத்து, கார்டைக் கழற்றி, தங்க நிறப் பட்டையை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, சிப் இருந்த பக்கமே பார்த்தபடி முழுதாக உள்ளே தள்ளுங்கள். பாதி நுழைந்த கார்டும் இதே பிழையைத்தான் காட்டும். அதற்கும் அசையவில்லை என்றால் திரையில் வரும் கார்டு எண்ணை எழுதி ஆபரேட்டர் கணினியில் உள்ள எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டு டிவி வீட்டில் இரண்டு பாக்ஸும் இடம் மாறி, ஒன்றுக்குக் கேட்டது இன்னொன்றில் திறப்பது அடிக்கடி நடக்கிறது.

முதலில் வந்து நிற்கும் சேனல் 'லேண்டிங் பேஜ்'. அந்த இடத்தை ஒளிபரப்பு நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்குகின்றன. டிராய் 2018 டிசம்பரில் இதைத் தடுக்கப் பார்த்தது, 2019 மே மாதம் டிடிசாட் என்ற தொலைத்தொடர்புத் தகராறுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அதனால் உங்களால் எடுக்க முடியாது. சில பாக்ஸில் அமைப்புப் பக்கத்தில் 'கடைசியாகப் பார்த்த சேனல்' என்று ஒரு வசதி இருக்கும், இருந்தால் அதைப் போடுங்கள்.


ஆண்டனி (டிஷ்)
5 ஜனவரி 2020, பகல் 1.10

ஃப்ரீ டிஷ் பற்றி. மாதக் கட்டணம் கிடையாது, டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் போதும், சுமார் 1,500 முதல் 2,000 ரூபாய்க்குள் முடியும். செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு 93.5 பாகை. பெங்களூரில் இருந்து டிஷ் தென்கிழக்கு நோக்கி, வடக்கிலிருந்து வலமாக ஏறக்குறைய 128 பாகையில் திரும்ப வேண்டும், ஏற்றக் கோணம் 66 பாகை. டிஷ் ஆஃப்செட் வகை (அலையை வாங்கும் கருவி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பது) என்பதால் பார்வைக்கு அதைவிடத் தாழ்ந்து பார்ப்பது போலத் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து மேலே தூக்கிவிடாதீர்கள். செயற்கைக்கோள் வானில் இவ்வளவு உயரத்தில் என்பதால் பக்கத்துக் கட்டடம் பெரும்பாலும் மறைக்காது, தென்கிழக்கில் ஒட்டி நிற்கும் தென்னை மரம்தான் மறைக்கும்.

ஆனால் ராகவன் சார், உங்கள் வீட்டுக்கு இது தீர்வு ஆகாது. சன், விஜய், ஜீ தமிழ் எதுவும் அதில் இல்லை. தமிழுக்கு முக்கியமாகப் பொதிகைதான். இந்திக்காரர்களுக்கே போன வருடம் அடி விழுந்தது. 2019 மார்ச் 1 முதல் ஸ்டார் உத்சவ், ஜீ அன்மோல், சோனி பல், ரிஷ்தே நான்கும் ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து விலகின. இலவசமாகப் பார்ப்பவர்களைக் கட்டண இணைப்புக்குத் தள்ளலாம் என்பது கணக்கு. மக்கள் தள்ளப்படவில்லை. அங்கேயே இருந்த தங்கல் டிவியைப் பார்க்க ஆரம்பித்தார்கள், அது நாட்டின் முதல் வரிசைக்கே ஏறிவிட்டது. காசு கொடுக்க முடியாத வீட்டைக் காசு கொடுக்க வைக்க முடியாது என்று துறைக்கே தெரியவந்த வருடம் அது.

டிடிஎச்சுக்கு மாறுவதாக இருந்தால் பொருத்தும் கட்டணம் 350, இயக்கக் கட்டணம் 100, அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பது டிராய் விதி. மாடி வீடு, டிஷ் வைக்க இடம், மழை நேரத்தில் படம் உறைவது இதையெல்லாம் யோசித்துக்கொள்ளுங்கள். கட்டணக் கணக்கு கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் ஒரே விதிதான்.


பரணி (சிவாஜிநகர்)
5 ஜனவரி 2020, இரவு 9.45

முதல் கேள்விக்கு இன்னும் பாதி பதில் பாக்கி இருக்கிறது, துறையில் என்ன நடந்தது என்பது. எனக்கு முக்கியமாகப் படுவது யார் கையில் எது போனது என்பதுதான்.

2019 மார்ச் 20-ம் தேதி டிஸ்னி, ஃபாக்ஸ் நிறுவனத்தை வாங்கியது முடிந்தது. அதோடு ஸ்டார் இந்தியாவும், அதாவது நம் விஜய் டிவியும், டிஸ்னிக்குப் போனது. ஜீயின் நிறுவனர் குழுமம் கடன் நெருக்கடியில் பங்குகளை விற்றது. ஜூலை கடைசியில் 11 சதவீதத்தை இன்வெஸ்கோ ஓப்பன்ஹைமர் 4,224 கோடிக்கு வாங்க ஒப்புக்கொண்டது, நவம்பரில் சுபாஷ் சந்திரா தலைவர் பதவியிலிருந்து விலகினார். இன்னொரு பக்கம் ரிலையன்ஸ். 2018 அக்டோபரில் ஹாத்வே, டென் இரண்டு கேபிள் நிறுவனங்களையும் கைப்பற்றும் அறிவிப்பு, 2019 செப்டம்பர் 5-ல் ஜியோ ஃபைபர். பெங்களூரில் தெருத்தெருவாக ஓடும் கேபிளே நாளைக்கு இணைய இணைப்பாகும். சன் நெட்வொர்க் தென்னிந்தியாவைத் தாண்டி பிப்ரவரி 3-ல் சன் பங்களா தொடங்கியது.

கைபேசிப் பக்கம் உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியா-நியூசிலாந்து ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2 கோடியே 53 லட்சம் பேர் பார்த்தார்கள். ஐபிஎல் ஐந்து வருட உரிமைக்கு ஸ்டார் கொடுத்தது 16,347.5 கோடி. அந்தப் பணம் எங்கிருந்தாவது திரும்ப வர வேண்டும். பேக்குக்குள் விளையாட்டுச் சேனலைச் சேர்த்து எல்லா வீட்டிலும் ஏற்றுவதற்குக் காரணம் அதுதான்.

நம் ஊர் ஆபரேட்டரின் கோபத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். முன்பு வசூலித்த 250-ல் எவ்வளவு மேலே கொடுப்பது என்பது பேரம். புது விதியில் தனியாக ஒப்பந்தம் இல்லையென்றால் 130 ரூபாயில் பெரிய கேபிள் நிறுவனத்துக்கு 55 சதவீதம், தெரு ஆபரேட்டருக்கு 45. அதாவது ஒரு வீட்டுக்கு 58 ரூபாய் 50 காசு. வயர் அறுந்தால் கம்பம் ஏறுவது அவர் ஆள்தான். 2019 ஜனவரி 24-ம் தேதி கர்நாடகத்தில் ஒளிபரப்பை நிறுத்திப் போராடியது இதற்காகத்தான். அவர்கள் பேக்கைத் தள்ளுவதற்கும் காரணம் உண்டு. சேனல் விலையில் குறைந்தது 20 சதவீதம் விநியோகக் கட்டணமாகக் கேபிள் தரப்புக்குத் திரும்பும், அதற்கு மேல் 15 சதவீதம் வரை ஊக்கத் தள்ளுபடியும் உண்டு. நீங்கள் தனித்தனியாக எடுத்தால் அந்த ஊக்கம் கைக்கு வராமல் போகலாம்.

பெங்களூர்த் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று ரேட்டிங். யார் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று அளக்கும் பார்க் இந்தியா அமைப்பு வீடுகளில் வைக்கும் மீட்டர், சேனலின் ஒலிக்குள் பதித்திருக்கும் காதுக்குக் கேட்காத குறியீட்டைப் பிடித்துக் கணக்கெடுக்கிறது. தமிழ் சேனல்களின் வியாழக்கிழமை ரேட்டிங் என்று எல்லோரும் பேசுவது தமிழ்நாடு-புதுச்சேரி சந்தையின் எண். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் எத்தனை வீட்டில் சன் டிவி ஓடினாலும் அந்த எண்ணில் சேராது. கர்நாடகச் சந்தையில் சேரும், அங்கே கன்னடத்தோடு ஒப்பிட்டுச் சிறிதாகத் தெரியும். நம் ஊர் பேக்குகளில் தமிழ் எப்போதும் பின்னொட்டாகவே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நம்மைத் தமிழ் வீடுகளாகத் தனியே எண்ணுவது ஆபரேட்டரின் சந்தாப் பட்டியல் ஒன்றுதான். தமிழ் சேனலைத் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுப்பது காசு மிச்சத்துக்கு மட்டும் அல்ல, இங்கே இத்தனை வீடு இருக்கிறது என்று பதிவதற்கும்தான்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு: தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி ஆகஸ்ட் 26-ல் தொடங்கியது. அங்கே அரசு கேபிளில் 200-வது எண். இங்கே இருப்பவர்கள் யூடியூபில் பார்க்கலாம்.


அல்சூர் ராகவன்
6 ஜனவரி 2020, காலை 7.55

மணி அண்ணா, அரை மணி நேரம் ஓடவிட்டதும் சன் டிவி வந்துவிட்டது. சுவிட்ச் அணைத்திருந்ததுதான். இரண்டாவது பாக்ஸ் அப்பா பெயரில் இருப்பதும் தெரிந்தது, மாற்ற விண்ணப்பம் கொடுக்கிறேன். முதல் டிவியின் கன்னட பேக்கை இன்றே எடுத்துவிடலாமா? ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் குறைப்பதாக ஆபரேட்டர் சொல்கிறார்.


ஜெயந்தி (ராமமூர்த்தி நகர்)
6 ஜனவரி 2020, காலை 11.30

கன்னட பேக்கை இன்றே எடுங்கள், அதில் மணி சொன்னது சரி. ஆனால் ஒரு வருடத்துக்குக் கட்டாதீர்கள். புது ஆணை ஆறு மாதமோ அதற்கு மேலோ எடுக்கும் திட்டங்களுக்குத் தள்ளுபடி தர அனுமதிக்கிறது, அதனால் அந்தச் சலுகை மார்ச்சுக்குப் பிறகும் கிடைக்கும். இன்றைக்குக் கட்டினால் இன்றைய பேக்குக்குக் கட்டுகிறீர்கள். மார்ச் 1-ல் பேக் எல்லாம் கலைந்து புதிதாக அடுக்கப்படும். எந்தச் சேனல் எந்த பேக்கில் இருக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மாதாமாதம் கட்டுங்கள்.

தமிழ் பேசிக் பேக்கையும் சேர்த்தே யோசியுங்கள். புது ஆணைப்படி 19 ரூபாய்ச் சேனல் எந்த பேக்கிலும் இருக்க முடியாது. சன் நெட்வொர்க் முன்னால் இரண்டு வழி. சன் டிவி, கேடிவி விலையை 12-ஆகக் குறைத்து பேக்கில் வைப்பது, அல்லது 19-லேயே நிறுத்தித் தனியாக விற்பது. போன அக்டோபரில் பண்டிகைக் காலச் சலுகை என்று ஸ்டார் பிளஸ், ஜீ டிவி, சோனி, கலர்ஸ் நான்கும் 19-லிருந்து 12-க்கு இறங்கிக் காட்டின. எனவே இறங்கவே முடியாத விலை அது என்று யாரும் சொல்ல முடியாது. ஒளிபரப்பு நிறுவனங்கள் மறுபடி நீதிமன்றம் போகவும் வாய்ப்பு இருக்கிறது, போனால் தேதிகள் தள்ளும்.

15-ம் தேதிக்குப் பிறகு சன் நெட்வொர்க் இணையதளத்தில் விலைப்பட்டியல் வரும். இந்த இரண்டு சேனல்களின் தனி விலையை முதலில் பாருங்கள். 12 என்றால் இரண்டும் தனியாக 24, அப்போது பேக் விலையை அதோடு ஒப்பிட்டு, சன் மியூசிக்கும் ஆதித்யாவும் வீட்டில் யாராவது பார்க்கிறார்களா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். 19 என்றே இருந்தால் இரண்டையும் தனியாக 38-க்கு எடுத்து பேக்கை விட்டுவிடலாம். 30-ம் தேதிக்குப் பிறகு ஆபரேட்டரின் பட்டியல் வரும், அதில் இரண்டாவது டிவிக்கு 52 ரூபாய்க்கு மேல் போட்டிருந்தால் புகார் எண்ணில் பதிந்து டோக்கன் எண் வாங்குங்கள், தீரவில்லை என்றால் நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு (தீராத புகாரைக் கவனிப்பவர்) எழுதுங்கள். டிராய் தனிநபர் புகாரைத் தீர்த்துவைப்பதில்லை, நேரே அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம்.